சொட்டை சார் வரைந்த முகங்கள்

விபத்தில் அடிபட்ட கார்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எது புதுச் சேதம், எது ஏற்கெனவே இருந்த சேதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவருடைய வேலை. அதற்கு முன்னால் தண்ணீர் மோட்டார் விற்றுக்கொண்டிருந்தார். பட்டறைகளில் அவருக்குப் பெயர் சொட்டை சார். காரில் விழுந்த சொட்டையைச் சொல்கிறார்களா, தன் தலையில் விழுந்ததையா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை.

ஐம்பது தாண்டிய பிறகு ஒருநாள், பல் தேய்த்துக்கொண்டே, "இனிமே நான் முழுநேர ஓவியன்" என்று அறிவித்தார்.

"கொப்புளிச்சிட்டுச் சொல்லுங்க, ஒண்ணும் புரியல" என்றாள் மனைவி. பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவள். வாயில் நுரையோடு பேசுகிறவர்கள் அவளுக்குப் புதிதல்ல. கொப்புளித்துவிட்டுச் சொன்னார். அப்போதும் புரியவில்லை.

வரைவதைத் தவிர ஓவியருக்கு வேண்டிய மற்ற எல்லாவற்றையும் முதலில் செய்து முடித்தார். பிடரியில் மிச்சமிருந்த முடியை வளர்த்து ரப்பர் பேண்டு போட்டார். தொளதொளச் சட்டை வாங்கி, அதில் பெயிண்டைத் தானே தெளித்துக்கொண்டார். சாப்பாட்டு மேசை ஸ்டூடியோ ஆனது. குடும்பம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டது. அப்புறம்தான் முதல் ஓவியம் பிறந்தது: 'சூனியத்தின் கதறல்'.

"சாஸ் பாட்டில் உடைஞ்ச மாதிரி இருக்கே" என்றாள் மனைவி.

"உனக்குப் புரியாது."

"துடைக்கப்போறது நான்தானே, எனக்குப் புரியும்."

நூலக மாடியில் கண்காட்சி வைத்தார். சொந்தக்காரர்கள் திரண்டு வந்து, ஓவியங்களுக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, பிஸ்கட் தீர்ந்ததும் கலைந்தார்கள். மனைவியின் அண்ணன் மட்டும் இரக்கப்பட்டார். மனை வாங்கி விற்கிறவர்.

"மாப்பிள்ளை, இந்தக் கதறல் கிதறல் எல்லாம் இருக்கட்டும். புது ஆபீஸ்ல மாட்ட என்னை வரைஞ்சு கொடுங்க. கொஞ்சம் கம்பீரமா."

மச்சான் எதிரில் வந்து உட்கார்ந்ததும் சொட்டை சாரின் கண் பழைய வேலையில் இறங்கிவிட்டது. சாயத்துக்கு அடியில் எட்டிப் பார்க்கும் நரை, போனில் "சத்தியமா சொல்றேன்" என்னும்போதெல்லாம் இடப்பக்கம் இழுத்துக்கொள்ளும் உதடு, வந்தவரின் பையை எடைபோடும் அரைக்கண் என்று ஒன்றையும் விடவில்லை. மனசில் விஷம் கிடையாது. சேதத்தைக் கண்டால் பதிவு செய்யாமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது, அவ்வளவுதான்.

ஆபீசில் திரையை விலக்கினார்கள். ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தரையில் ஏதோ தெரிந்தது. மச்சானின் மனைவிதான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஐயோ, அப்படியே இவரேதான்!"

"இது நான் இல்ல" என்றார் மச்சான். உதடு இடப்பக்கம் இழுத்தது.

"பின்ன யாரு மச்சான்?" சொட்டை சார் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

படம் அன்றைக்கே திரும்பி வந்தது. மறுநாள் மச்சானின் மனைவி நேரில் வந்து கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"எங்க மாட்டப்போறீங்க, அக்கா?" என்று கேட்டார் சொட்டை சார்.

"சமையலறையில. எவ்வளவு திட்டினாலும் திருப்பிப் பேசாது பாருங்க."

விஷயம் அவளுடைய தோழிகளிடம் பரவியது. ஒவ்வொருத்தியும் தன் புருஷனை அனுப்பினாள். புருஷன்மார்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்; படத்தைப் பார்த்ததும் முகம் சிவந்து எழுந்து போனார்கள்; பின்னாலேயே மனைவிமார்கள் வந்து வாங்கிப் போனார்கள். தெருவில் பாதிப் பேர் சொட்டை சாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். வரைய நேரம் போதவில்லை. கதறல் பரணுக்குப் போனது.

"ஊரையே வரைஞ்சாச்சு, உங்களை ஒருதடவை வரையுங்களேன்" என்றாள் மனைவி.

அறையைத் தாழிட்டுக்கொண்டு வரைந்தார். நாள் கணக்கில் வரைந்தார். கதவு திறந்தபோது படத்தில் நெற்றி வரை புரளும் அடர்ந்த கேசம், செதுக்கிய தாடை, எங்கோ தொலைவில் உலகத்தின் துயரத்தைப் பார்க்கும் கண்.

மனைவி படத்தையும் அவர் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். போனை எடுத்தாள்.

"அண்ணி, கையில என்ன வேலை இருந்தாலும் போட்டுட்டுக் கிளம்பி வாங்க. அண்ணனையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க."