மேசையில் மிஞ்சிய மங்கல்

என் மனைவி இங்கே இத்தாலியில், பொலிதேயாமாப் பக்கம், சின்யோரா என்று நாங்கள் அழைக்கும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள். அதை விட்டுவிட்டுச் சொந்தமாக வீடு துப்புரவாக்கும் தொழில் தொடங்குவோம் என்று அவள் சொன்னபோது நான் மறுபேச்சில்லாமல் சம்மதித்தேன். அதற்கு ஓர் இணையத்தளம் வேண்டும், அதைச் செய்யப்போவது நான் என்பதுதான் காரணம். சின்யோரா நல்ல மனிசி. "செப்டெம்பர் வரை நிரந்தரமாக ஒருவரையும் எடுக்கமாட்டேன். சரிவராவிட்டால் திரும்பி வா" என்று சொல்லி அனுப்பினார். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அந்தத் 'திரும்பி வா' என் மனைவிக்குத் தூக்கத்திலும் கேட்டது.

முதல் சில மாதங்கள் தளத்தைப் பார்த்துவிட்டு ஆட்கள் அழைத்தார்கள். பிறகு தேடலின் போக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒருவர் எதையாவது தேடினால் தளங்களின் பட்டியல் வரும், அதில் நாங்களும் எங்கேயோ நிற்போம். இப்போது பட்டியலுக்கு மேலே இயந்திரமே ஒரு பதிலை எழுதிக் காட்டுகிறது. கேட்டவர் அதை வாசித்துவிட்டு அப்படியே போய்விடுகிறார். மே மாதம் பிறந்தபோது எங்கள் தொலைபேசி வாயே திறக்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? எனக்குக் கணினி தெரியும் என்ற திமிர் வேறு. ஒரே கிழமையில் இயந்திரத்தைக் கொண்டே நாற்பது பக்கங்கள் எழுதுவித்தேன். கபோவில் துப்புரவு, ஒரேத்தோவில் துப்புரவு, நாங்கள் கால் வைக்காத இடங்களில் எல்லாம் துப்புரவு. எண்ணெய்க் கறைக்கு ஒரு பக்கம், கோப்பிக் கறைக்கு ஒரு பக்கம். ஒன்றையும் அவளுக்குக் காட்டவில்லை. களைத்து வருகிறவளை ஏன் கரைச்சல்படுத்துவான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், கெட்டித்தனம் முழுவதும் என்னுடையதாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டு நாள் தளத்துக்கு ஆட்கள் வந்தார்கள். பிறகு, இப்படி மொத்தமாகக் குவித்த பக்கங்களைத் தேடல் மதிக்காது போலும், அது பட்டியலில் கீழே போய், இன்னும் கீழே போய், தேடினாலும் கிடைக்காத இடத்துக்குப் போய்விட்டது.

அந்த மாதம் வந்த ஒரே அழைப்பு ஒரு வயதான அம்மையாருடையது. எங்கள் தளத்தில் போட்டிருந்தபடியே பளிங்கு மேசையில் இருந்த கோப்பிக் கறைக்கு வினாகிரிக் காடி பூசினாராம். கறை போய்விட்டது. மேசையின் மினுக்கமும் சேர்ந்து போய்விட்டது. என் மனைவி முழுவதையும் கேட்டு, மன்னிப்புக் கேட்டு, தொலைபேசியை வைத்தாள்.

"என்னப்பா, மாபிளுக்கு வினாகிரியோ? ஆர் எழுதினது?"

"மெஷின் எழுதினது. நான் சும்மா…"

"கீழை ஆற்றை பேர் கிடக்கு?"

அவளுடைய பெயர்தான் கிடந்தது. தொழில் அவளுடையது என்பதால் நாற்பது பக்கத்திலும் நானே பெருமையாகப் போட்டிருந்தேன்.  

மறுநாள் காலை மெருகிடும் தூளும் சீலைத் துண்டும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். மூன்று காலைகள் தேய்த்தாள். மேசை ஏறக்குறையப் பழையபடி வந்துவிட்டது. பெருவிரல் அளவில் ஓரிடம் மட்டும் மங்கலாகவே நின்றுவிட்டது. அதையும் அந்த அம்மையாருக்கு அவளே விரல் வைத்துக் காட்டிவிட்டு வந்தாள்.

நான் அதற்குள் அந்தப் பக்கத்தை அழிக்க ஆயத்தமாக இருந்தேன்.

"அழியாதேங்கோ. வேறை ஆரும் அதை வாசிச்சுப்போட்டுப் பூச இருந்தால்? நாங்கள் பிழையாய் எழுதிப்போட்டம் எண்டு மேலை போடுங்கோ. ஒரு மேசை பழுதாப்போச்சு எண்டும் போடுங்கோ."

"உமக்கென்ன விசரோ? தொழில் செய்யிற ஆக்கள் இப்பிடி எழுதுவினமோ?"

"எழுதுங்கோ."

எழுதினேன். பிறகு அவள் தன் பழைய கைபேசியில் எங்கள் தளத்தைத் திறந்தாள், முதல் தடவையாக. புது வீட்டுக்குப் போனால் முன்னறையை விட்டுவிட்டு மூலைகளை முதலில் பார்ப்பாள். இங்கேயும் அதே பார்வைதான். ஒரு பக்கம் திறக்க நேரமெடுத்தது. "மணி அடிச்சவையை இவ்வளவு நேரம் வாசல்லை நிப்பாட்டுறதோ?" என்றாள். இன்னொன்று திறக்கவே இல்லை. முகப்பில் மஞ்சள் கையுறை போட்ட, பொன்னிறத் தலைமயிர்ப் பெண்ணொருத்தி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இவ ஆர்?"

"அது சும்மா படத்துக்கு."

"நாளைக்கு இவவோ வேலைக்கு வாறவ?"

முப்பத்தாறு பக்கங்கள் போயின. அந்தப் பொன்னிறத்தாளும் போனாள். மிஞ்சிய நான்கில் எங்களுடைய வாளியும் தும்புத்தடியும் படமாக வந்தன. அதன் பிறகு, கையில் இருந்த சில பழைய வீடுகளில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அவள் எனக்குக் குரல் பதிவு அனுப்பத் தொடங்கினாள். அன்றைக்கு எந்த மாதிரித் தரை, என்ன கறை, எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று. பாலைவனத்தில் இருந்து வரும் ஷிரோக்கோ காற்று வீசிய மறுநாள் பல்கனியில் படிந்திருக்கும் செம்மண் தூசிக்கு முதலில் தண்ணீர் ஊற்றக்கூடாது, காய்ந்தபடியே கூட்டி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் தரையோட்டுக்குள் சாயம்போல இறங்கிவிடும் என்று ஒரு பதிவு. பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இவள் இவ்வளவும் படித்துவைத்திருக்கிறாளே என்று வாயைப் பிளந்தேன். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து நான் இதைப் பற்றி அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் சொன்னதை அப்படியே எளிய இத்தாலியனில் போட்டேன், ஒரு சொல் கூட்டவில்லை.

ஜூலையில் ஒன்றிரண்டு அழைப்புகள் வந்தன. ஓகஸ்ட் கடைசியில் ஒரு நாள் நானே தேடிப் பார்த்தேன். பட்டியலுக்கு மேலே இயந்திரம் எழுதிய பதிலில், பளிங்குக்கு வினாகிரி ஆகாது என்று இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் எங்கள் தளத்தின் பெயர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்தீரோ, எங்கடை விசயத்தை எடுத்துப்போட்டு ஆக்களை இஞ்சாலை விடாமல் அங்கையே மறிச்சு வைச்சிருக்கினம்!"

"ஆற்றையோ ஒரு மேசை தப்பிச்சுதுதானே," என்றாள்.  இந்த மனிசியிடம் எனக்கு இருந்தது அன்பு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அது மதிப்பாகவும் மாறியது.

செப்டெம்பர் பிறக்க நான்கு நாள் இருக்கும்போது ஒரு பெண் அழைத்தாள். தாயின் பழைய வீட்டை அறை அறையாகப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறாளாம், படிகள் எல்லாம் பளிங்காம். மேலே இருந்த பதிலை வாசித்துவிட்டு, அதை யார் சொன்னதென்று பார்க்கத்தான் எங்கள் தளத்துக்கு வந்தாளாம். "மேசையைப் பழுதாக்கினோம் என்று எழுதியிருக்கிறாரே, அவர்தான் வரவேண்டும். வேறு யாரையும் அனுப்பாதீர்கள்" என்றாள். கிழமைக்கு மூன்று நாள் வேலை. நான் தொலைபேசியை மனைவியிடம் நீட்டினேன்.

பேசி முடித்த கையோடு, செப்டெம்பரில் திரும்பி வரமாட்டேன் என்று சொல்ல, அவள் சின்யோராவுக்கு அழைப்பு எடுத்தாள். நான் குசினிக்குள் நின்று காது கொடுத்தேன். சத்தம் அடங்கியதும் வெளியே வந்தேன்.

"என்ன சொன்னவ?"

"சந்தோசம் எண்டவ. பிறகு, அப்ப என்ரை வீட்டை ஆர் பாக்கிறது எண்டு கேட்டவ."

"நீர் என்ன சொன்னனீர்?"

"எங்கடை வெப்சைட்டிலை நம்பர் கிடக்கு, எடுங்கோ எண்டன்."

மறுநாள் காலையே சின்யோரா எடுத்தார், அந்த நம்பருக்குத்தான். வியாழக்கிழமை வரமுடியுமா என்று கேட்டார். என் மனைவி நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை இடமில்லை, வெள்ளிக்கிழமை வரலாம் என்றாள்.