துக்கம் கேட்கப் போன கோடை

பினாயில் வாசனை அடித்தால் மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு எங்கள் அப்பா ஞாபகம்தான் வரும். நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த மே மாதத்தில், திருச்சி ஜெயிலிலிருந்து விடுதலையாகி நீடாமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய அவருடைய சட்டையிலும் மஞ்சள் பையிலும், என் தலையைத் தடவலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி நீண்ட கையிலும் அந்த வாசனைதான் இருந்தது.

பிள்ளைகளே, அவர் ஏன் ஜெயிலுக்குப் போனார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல் சிங்காரம் மாமாவுடையது. அப்பாவும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே பீடியை மாற்றி மாற்றிக் குடித்த சிநேகிதர்கள். நான் தவழ்ந்துகொண்டிருந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் குறைவாக வந்ததாம். யார் மடையை முதலில் திறப்பது என்று பேச்சு வளர்ந்து, அப்பா அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டார். விழுந்தவருக்கு மதகுக் கல்லில் தலை அடிபட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கேயே உயிர் போய்விட்டது. கொல்ல வேண்டும் என்று தள்ளவில்லைதான். ஆனாலும் ஒரு வீட்டில் ஆள் போனது போனதுதானே.

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தவர்கள் தானியேல் அண்ணனும் எஸ்தர் அக்காவும். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகளிலிருந்து படிக்கிற பிள்ளைகள் கொஞ்சம் பேர், லீவு விட்டதும் நீடாமங்கலத்தில் ஒரு ஜெபவீட்டின் பின்னறையில் தங்கிக்கொண்டு, ஜெயிலிலிருந்து வருகிறவர்களின் குடும்பங்களைத் தேடித் தேடிப் போவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "கோடை ஊழியம்". ரேஷன் கார்டில் பேர் சேர்க்க அலைவார்கள், கூரை ஒழுகினால் கீற்று மாற்றுவார்கள், எங்களைப் போன்ற பொடியன்களைப் புங்கமரத்தடியில் உட்கார வைத்துக் கைதட்டிப் பாடச் சொல்லிக் கொடுப்பார்கள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம் என்று அம்மா முதல் நாளே சொன்னபோது, "கும்பிடுங்கக்கா, நாங்க அண்ணனுக்காக ஜெபம் மட்டும் பண்ணிக்கிறோம்" என்றார் தானியேல் அண்ணன். அவருக்குக் குரல் பெரிது. "பண்ணுப்பா, ஆனா மெதுவா பண்ணு. நீ ஆமென்னு சொன்னா எங்க கோழியெல்லாம் கூரையில ஏறிக்குது" என்று அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்பா வந்துவிட்டார், ஆனால் ஊருக்குள் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி சிங்காரம் மாமாவின் வீடு. அதில் அவர் மனைவி ராசாத்தி அத்தை இருந்தார். அந்த வாசலைத் தாண்டாமல் தெருவுக்குப் போக முடியாது என்பதால், அப்பா கொல்லைப் பக்கமாக இறங்கி, வெடித்துக் கிடந்த வயலில் நடந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒரு நாள் தானியேல் அண்ணனிடம், திருப்பூர் பனியன் கம்பெனியில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டார். வாட்ச்மேன் வேலை இருப்பதாகத் தகவல் வந்தது. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "இத்தன வருசம் இல்லாமப் பழகிட்டோம். இப்ப வந்து இருந்துட்டுப் போனா, எப்படிப் பழகுறதாம்?" என்றார். மறுநாளிலிருந்து நான் அப்பாவின் மஞ்சள் பையை என் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

ராசாத்தி அத்தையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் அப்பா இங்கேயே இருந்துவிடலாம் என்று தானியேல் அண்ணனுக்கு யோசனை வந்தது. நல்ல யோசனைதான். போன விதம்தான் கோளாறு. அம்மா பருத்தி எடுக்கப் போயிருந்த ஒரு சாயங்காலம், ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கி, எவர்சில்வர் தட்டில் அடுக்கி, கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பாவை முன்னால் விட்டு, அக்காவும் அண்ணனும் பின்னால் நடந்தார்கள். அத்தை வாசலுக்கு வந்தார். தட்டைப் பார்த்தார்.

"என்னங்க, பொண்ணு பாக்க வந்தீங்களா? பொண்ணு இல்லீங்களே எங்க வீட்டுல. மேளம்கூடக் கொண்டாந்திருக்கீங்க. பாட்டுப் பாடி பழம் குடுக்குற மாதிரி என் வீட்டுல என்ன விசேசம்?"

கதவு சாத்திக்கொண்டது. தெருவில் யாரோ சிரித்தார்கள். அப்பா தட்டோடு திரும்பி வந்து, அதைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழம பஸ் ஏறிடுறேன் தம்பி" என்றார்.

அம்மா வந்து கேள்விப்பட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்ப்பா தானியேலு, சாவு வீட்டுக்குப் பழத் தட்டா தூக்கிட்டுப் போவாங்க?"

"சாவு நடந்து ரொம்ப வருசம் ஆச்சேக்கா."

"ஆச்சு, ஊருக்கு ஆச்சு. ஊரே போயி துக்கம் கேட்டுச்சு. இந்த மனுசன் போலீஸ் வண்டியில போனவரு, இன்னும் கேக்கலியே..."

பாதியில் அம்மா நிறுத்திக்கொண்டார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது போலிருந்தது. எஸ்தர் அக்கா மெல்லச் சொன்னார்: "எங்க வீட்டுலயும் துக்கத்துக்கு வெறுங்கையோடதான் போவோம். தோணாமப் போச்சு பாருங்க. விசிட்டுன்னாலே எங்களுக்குப் பழக்கடைதான் ஞாபகம் வருது."

மறுநாள் காலையில் அப்பா துவைத்த வேட்டி கட்டினார். செருப்புப் போடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, முதல்முறையாகத் தெருவாசல் வழியாக இறங்கினார். அம்மாவும் நானும் பின்னால் போனோம். அக்காவும் அண்ணனும் புங்கமரத்தடியிலேயே நின்றுவிட்டார்கள். கிடார் எங்கள் வீட்டில் கிடந்தது.

அத்தை வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறம் நின்றது. அப்பா தரையில் உட்கார்ந்தார். துக்கம் கேட்கப் போகிறவர்கள் முதலில் "எப்படி ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள், வீட்டுக்காரர்கள் நடந்ததைச் சொல்லி அழுவார்கள். அப்பா எப்படி அதைக் கேட்பார்? வாயைத் திறந்து திறந்து மூடினார்.

கடைசியில் அத்தைதான் பேசினார். "வந்தவங்க எல்லாரும் எப்படி ஆச்சு, எப்படி ஆச்சுன்னு என்னையக் கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்? நீதான பக்கத்துல இருந்த. நீ சொல்லு."

அப்பா சொன்னார். தள்ளியதைச் சொன்னார். ஓடிப்போய்த் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டதைச் சொன்னார்.

"கடைசியா எதாச்சும் கேட்டாரா?"

"தண்ணி கேட்டான். வாய்க்கால்லேருந்து கையால அள்ளிக் குடுத்தேன்."

"குடிச்சாரா?"

"குடிச்சான், தாயி. ரெண்டு வாய் குடிச்சான்."

அத்தை முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டார். "ஒரு வாய் தண்ணி எறங்காமப் போயிட்டாரோன்னுதான் நான் இத்தன நாளும் வெந்துக்கிட்டுக் கெடந்தேன். கோர்ட்டுல அத்தன பேரு பேசினாங்களே, ஒருத்தன் இதக் கேக்கலியே" என்றார். அம்மா போய் அவரைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு இரண்டு பேரும் அழுத அழுகையைக் கேட்டு நானும் காரணம் தெரியாமல் அழுதேன்.

துக்க வீட்டிலிருந்து எழுந்து வரும்போது "போயிட்டு வர்றேன்" என்று எங்கள் பக்கத்தில் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரர்களும் "வாங்க" என்று சொல்ல மாட்டார்கள். இன்னொரு சாவுக்கு வரச் சொல்வது போல ஆகிவிடும் என்று பயம். அப்பாவும் சொல்லாமல்தான் எழுந்தார், திரும்பினார், படி இறங்கினார். அப்போது பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"போயிட்டு வாங்கண்ணே."

அப்பா அப்படியே நின்றார். இனி இது துக்க வீடு இல்லை என்று அந்த வீட்டுக்காரியே சொன்ன மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் பஸ் அப்பா இல்லாமல் போனது. ஜூனில் கோடை ஊழியக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். அதற்கடுத்த இரண்டு கோடைகளில் வந்தார்கள். பிறகு வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். அந்த ஜெபவீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. வாய்க்காலுக்கு சிமெண்டுக் கரை கட்டிவிட்டார்கள், அந்தப் பழைய மதகு இல்லை. ராசாத்தி அத்தை மகனோடு தஞ்சாவூரில் இருந்து, அங்கேயே காலமானார். எங்கள் தெருவில் இப்போது குடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதையே தெரியாது.

பிள்ளைகளே, உங்கள் தெருவுக்கும் ஒருநாள் அப்படி யாராவது திரும்பி வரலாம். அவரைப் பார்த்ததும் ஓடாதீர்கள். அவருக்கும் என்னைப் போல ஒரு பிள்ளை இருக்கும்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரே சண்டை. கேரம் போர்டில் சிவப்புக் காயை விரலால் நகர்த்திவிட்டு, நகர்த்தவே இல்லை என்று என் பிள்ளைகளிடம் சத்தியம் செய்துகொண்டிருக்கிறார் எங்கள் அப்பா.