சைட் கிளாசில் நின்ற நெய்த்துளி

பெங்களூருக்குப் போன பால் லாரி, கேன்களோடு அப்படியே திரும்பி வந்தது. அத்தனை பாலும் புளித்துப் போயிருந்தது. மத்திகிரிக்கு அப்பால் இருந்த அந்தத் தனியார் பால் டிப்போவில் நான் ஃபிட்டர். ஐம்பதுகளில் அந்தப் பக்கம் பைப் லைன் போட்ட டிப்போ என்றால் பெரிய விஷயம். பெருமைக்குக் குறைச்சலில்லை, புத்திக்குத்தான்.

பழி முனியம்மா மேல் விழுந்தது. பைப்பும் கேனும் கழுவுகிறவள். புருஷன் இல்லை, டிப்போ கொடுத்த ஒற்றை அறையில் பிள்ளைகளோடு இருந்தாள். வேலை போனால் அறையும் போகும். சலவைச் சோடா போட்ட வெந்நீரைத் தினமும் பைப்பில் விட்டதாகச் சொல்லி அழுதாள். மேனேஜர் காதிலேயே வாங்கவில்லை.

அவள் சொன்னது உண்மை. வெந்நீர் காய்ச்சும் விறகை மிச்சம் பிடிக்க, கழுவும் வால்வைப் பாதிக்கு மேல் திறக்க முடியாதபடி கம்பி கட்டச் சொன்னவரே இந்த மேனேஜர்தான். அவரை லைனுக்குக் கூட்டிப் போனேன். பைப்பின் நடுவே பால் ஓடுவதைப் பார்க்க ஒரு கண்ணாடித் துண்டு உண்டு, சைட் கிளாஸ் என்போம். பாதி வால்வில் அதே சோடாத் தண்ணீரை விட்டேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த நெய்த்துளிகள் ஓட்டத்தின் பக்கம் சாய்ந்து, வால் நீண்டு ஆடின. மாட்டு மடியில் உண்ணி மாதிரி, ஒன்றுகூட விடவில்லை. கம்பியை அறுத்து வால்வை முழுக்கத் திறந்தேன். துளிகள் இன்னும் நீண்டு, இடுப்பு மெலிந்து, அறுந்து போயின. அடியில் பொட்டளவு நின்றதையும் சோடா தண்ணீர் சற்று நேரத்தில் கிளப்பிவிட்டது.

"மெதுவா ஓடுனா தள்ளத்தான் செய்யும் சார், பிடுங்காது. அந்த மிச்சந்தான் மறுநாள் பாலைக் கெடுக்குது. அந்தம்மா மேல தப்பில்லீங்க."

"சரிப்பா, இனிமே முழுசாத் தொறந்தே வுடு. அவ விஷயத்த மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். நம்பினேன்.

மறுநாள் காலை முனியம்மா பாத்திர மூட்டையோடு பேரிகை ரோட்டில் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போனாள்.

அதன்பின் பால் திரும்பவே இல்லை. முதலாளி வந்து கேனை முகர்ந்து பார்த்தார். "பாத்தியா, அவளத் தொரத்துனதும் பால் எப்படி சுத்தமாயிருச்சு" என்றார். மேனேஜர் தலையாட்டினார். நான் வால்வைப் பற்றிச் சொன்னேன். நான் அவள்மேல் பாவம் பார்த்துப் பேசுவதாகச் சொல்லி முதலாளி சிரித்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கோளாறைக் கண்டுபிடித்ததும் ஸ்பேனரைத் தொடாதீர்கள். பழி சுமந்து நிற்பவரின் சுமையை முதலாளி கண்ணெதிரிலேயே இறக்கிவிட்டு, அப்புறம் சரிசெய்யுங்கள். நான் திறந்துவிட்ட வால்வுதான் அவளுக்கு எதிரான சாட்சியாகிப் போனது.