நாலு பேருக்கு நாலு கார்புரேட்டர்

பெங்களூர் அல்சூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறைதான் எனக்குக் கடை. என் தையல் மெஷின் அங்கேதான் இருந்தது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பேன். மே மாதம் வந்துவிட்டால் அந்த அறை முழுக்க நீலத் துணியும் வெள்ளைத் துணியுமாகக் கிடக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த அறைக்குள் என் கணவர் ஒரு பெட்ரோல் டேங்க்கையும், ஒரு நீள சீட்டையும், பழைய பேப்பரில் பரப்பிய இரும்புச் சாமான்களையும் கொண்டுவந்து வைத்தார். மெஷின் மூலைக்குப் போனது, நான் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே போனேன்.

மிச்ச வண்டி வெளியே சந்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. ஜப்பான் வண்டி. எழுநூற்றைம்பது சிசி, வரிசையாக நாலு சிலிண்டர். வெளிநாட்டுக்குக் குடிபோன ஒருவர் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. எங்கள் சந்தில் அதைத் திருப்பி நிறுத்தவே ஆள் சேர்க்க வேண்டும். டேங்க்கை எடுத்துப்போய் மாட்டினால் ஒரு நாள் இரண்டு சிலிண்டரில் ஓடும், ஒரு நாள் மூன்றில் ஓடும், பல நாள் இருமிவிட்டு நின்றுவிடும்.

"வித்துத் தொலைங்க," என்றேன்.

"ஓடாத வண்டிய யாரும்மா வாங்குவான்? ஓட வச்சிட்டு வித்துடலாம். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ரூம் உன்னுது."

நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து அந்த வண்டி ஓட வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன்.

என் கணவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே ஒழுங்காகத்தான் வேலை பார்த்தார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர்கள் வந்துவிட்டால் பீன்யாவில் கற்றதெல்லாம் காற்றில் போய்விடும். மூன்று பேர் வருவார்கள். ஒருவர் அதே தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்கிற கன்னடக்காரர், வயதில் எல்லோருக்கும் மூத்தவர். இன்னொருவர் பேங்க் கிளார்க், இங்கிலீஷ் பைக் பத்திரிகைகளைக் கரைத்துக் குடித்தவர். மூன்றாவது ஆள் எங்கள் மாடியில் குடியிருந்த கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், திருநெல்வேலிப் பக்கம். ஊரில் மொபெட் ஓட்டியிருக்கிறான், அவனுக்கு அது போதும்.

இவர்கள் வேலை செய்கிற அழகை நான் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவர் ஆக்ஸிலரேட்டரைத் திருகுவார். மற்றவர்கள் புகைக்குழாய் பக்கம் குந்தி, கண்ணை மூடி, கச்சேரி கேட்கிற மாதிரி தலையாட்டுவார்கள். பிறகு டீ. டீ குடித்தபின் யாராவது சொன்ன தீர்ப்பை ஒட்டி எதையாவது கழற்றுவார்கள். கழற்றுவதில் அவர்களுக்கு இணை கிடையாது.

ஒரு ஞாயிறு, கோளாறு கார்புரேட்டரில்தான் என்று முடிவானது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கிற சாமான் அது. இந்த வண்டிக்கு சிலிண்டருக்கு ஒன்றாக நாலு இருந்தன. நாலையும் ஒரே பட்டையில் பூட்டி, ஒன்று மூச்சு விட்டால் மற்றதும் அதே அளவு மூச்சு விடுகிற மாதிரி ஜப்பான்காரன் அனுப்பியிருந்தான். இவர்கள் முதல் வேலையாகப் பட்டையைக் கழற்றி நாலையும் பிரித்தார்கள். நாலு ஆள், நாலு கார்புரேட்டர், ஆளுக்கு ஒன்று. யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது அல்லவா? மூத்தவருக்கு மரியாதையாக முதல் சிலிண்டருடையது. சொந்தக்காரர் என்பதால் என் கணவர் பெருந்தன்மையாகக் கடைசியை எடுத்துக்கொண்டார். பாகப்பிரிவினைகூட இவ்வளவு அமைதியாக நடந்து நான் பார்த்ததில்லை. அவரவர் பாகத்தைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

சுத்தம் செய்யத்தான் எடுத்துப்போனது. சுத்தத்தோடு விட்டால் அவர்கள் கௌரவம் என்ன ஆவது? கம்பெனிக் கையேட்டின் ஜெராக்ஸ் ஆளுக்கு ஒரு பிரதி இருந்தது, ஒருவரும் அதன்படி செய்யவில்லை. பெங்களூர் மேட்டுப் பிரதேசம், இங்கே காற்று லேசு, பெட்ரோலைக் குறைக்க வேண்டும் என்று பேங்க்காரர் ஊசியை இறக்கினார். இங்கே பெட்ரோல் பங்க்கில் கலப்படம், பெட்ரோல் கூடுதலாகத்தான் போக வேண்டும் என்று மூத்தவர் உள்நாட்டு வண்டியிலிருந்து பெட்ரோல் பாய்கிற துளை பெரிதாக இருந்த ஜெட் ஒன்றை மாட்டினார். மாடிப் பையன் பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற மிதவையை வளைத்தான். என் கணவர் என்ன செய்தார் என்று அவரே சரியாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நாலையும் சேர்த்து மாட்டினார்கள். வண்டி படார் என்று வெடித்து, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியில் கரியைத் துப்பியது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. நாலு பேருக்கும் கோளாறு எங்கே என்று தெரியும். மற்ற மூன்றில். ஆனால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? அடுத்தவர் சுத்தம் செய்த கார்புரேட்டரைத் திறப்பது அவர் சட்டைப்பையில் கைவிடுவதற்குச் சமம் என்று நினைத்தார்கள். ஆகவே வாராவாரம் ப்ளக்கை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள், பாட்டரியைத் திட்டினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து துணிக்கட்டு வந்து இறங்கிவிட்டது. விரிக்க இடமில்லாமல் கட்டிலின் மேல் அடுக்கி வைத்துவிட்டு, நாங்கள் தரையில் படுத்தோம்.

புத்தி சொன்னால் ஆம்பளைகள் கேட்கமாட்டார்கள், புகழ்ந்தால் கேட்பார்கள். மூத்தவர் குழாயடியில் கை கழுவும்போது துண்டை நீட்டினேன்.

"அண்ணா, உங்க வேலையில குத்தம் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். நீங்க மட்டும் உங்களுத புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே வச்சிட்டீங்கன்னா, அப்புறம் எது தப்புன்னு தானா வெளிய வந்துடும் இல்லையா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நீ சொல்றது நிஜம்மா. நான் எப்படி வாய்விட்டுச் சொல்றது? யார் கிட்டயும் ஹேளாதே, சொல்லிடாதே."

பேங்க்காரரிடம் டீ கொடுக்கும்போது இதையே சொன்னேன். "எக்ஸாக்ட்லி சிஸ்டர். இவங்களுக்கு பேசிக்ஸே தெரியாது," என்றார். மாடிப் பையன் தண்ணீர் பிடிக்க வந்தபோது, "லாஜிக் கரெக்ட்டுக்கா. மத்தவங்கள நினைச்சாத்தான் பாவமா இருக்கு," என்றான். என் கணவரிடம் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன். குழம்பை ஊற்றுவதற்குள் ஒத்துக்கொண்டார்.

அந்த வாரம் ஆளுக்கொரு சாக்குச் சொல்லித் தன் பாகத்தைக் கழற்றிப்போனார்கள். மற்றவர்களின் மானத்தை வாங்குவதற்காக நாலு பேரும் நாலு வீட்டில் தனித்தனியே உட்கார்ந்து, கையேட்டில் ஜப்பான்காரன் சொன்னதை எழுத்துத் தப்பாமல் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டையைப் பூட்டி மாட்டினார்கள். பீன்யாவிலிருந்து இரவல் வாங்கிவந்த மீட்டர்களை வைத்து என் கணவர் நாலையும் சமன் செய்தார். பட்டனை அழுத்தினார்.

வண்டி ஓடியது. இருமல் இல்லை, வெடி இல்லை. இத்தனை பெரிய இரும்பிலிருந்து இவ்வளவு மெல்லிய சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்? மூத்தவர் ஒரு கற்பூரத்தை ஏற்றிச் சுற்றினார். நாலு பேரும் மற்ற மூவரையும் மன்னித்துவிட்ட முகத்தோடு நின்றார்கள். என் கணவர் அதை அல்சூர் ஏரியைச் சுற்றி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது. காற்று என்றார்.

நான் உள்ளே போய்க் கட்டிலிலிருந்த துணிக்கட்டை எடுத்து முன்னறையில் பிரித்தேன். "அத்திபெலேல ஒருத்தர் ஓடினா வாங்கிக்கறேன்னு சொன்னாருன்னீங்களே, நாளைக்கே சொல்லி அனுப்பிடுங்க," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இவ்ளோ நல்லா ஓடுது. இதப் போயி யாராவது விப்பாங்களாம்மா?"

மற்ற மூன்று பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நாலு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான். சாயங்காலம் மழைக்காற்று அடித்தது. ஓடாத வண்டி சந்தில் நிற்கலாம், ஓடுகிற வண்டியை எவனாவது தள்ளிக்கொண்டு போய்விடுவான் என்று வாசலில் பலகை போட்டு, நாலு பேருமாக அதை முன்னறைக்குள் ஏற்றினார்கள். நடுவில் நிறுத்தியதும் கதவு பாதிதான் திறந்தது. நான் பிரித்த துணியை மாடிப் பையன் மடித்து என் கையில் கொடுத்தான்.

அந்த வருஷத்துச் சீருடைகளை அடுப்புக்குப் பக்கத்தில் மெஷினைப் போட்டுத் தைத்தேன். சட்டையில் கடுகு தாளித்த வாசனை வருகிறதே என்று ஒரு தாய் திருப்பிக்கொண்டு வந்தாள். அவளை உட்காரச் சொல்ல இடமில்லாமல், வண்டி சீட்டைத் துடைத்துவிட்டு அதன்மேல் உட்காரச் சொன்னேன்.