கடலைப் பார்த்த அடுப்படி

இலங்கைக்குப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஐந்து நாளும் நான் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், காய்ச்சலில் படுத்த நாளில்கூட ஒரு ரசமாவது நான்தான் வைத்திருக்கிறேன். "அம்புட்டுத்தானே, விடு" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

என் நாத்தனாரும் அவள் புருஷனும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேரும் உட்கார்ந்து பிரியாணிப் பார்சலைப் பிரித்தோம். கூடவே பயணத் திட்டமும் விரிந்தது. முதல் நாள் கடற்கரை. இரண்டாம் நாள், அந்தக் காலத்து ராஜா ஒருவர் கோட்டை கட்டிய பாறை. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் திண்டுக்கல் மலைக்கோட்டை எதிரேயே தெரியும். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனதோடு சரி, அதன் பிறகு இவர் அதில் ஒரு படி ஏறியதில்லை. இப்போது கடல் தாண்டிப் போய் வேறொரு பாறையில் ஏறப் போகிறாராம். மூன்றாம் நாள் காட்டில் சிறுத்தை.

"தங்க இடம் பாத்துட்டேன்" என்று போனை நீட்டினார். கடலைப் பார்த்த தனி வீடு. நாலு படத்தில் மூன்று படம் அடுப்படி.

"கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்திரம் எல்லாம் இருக்கு. ஓட்டல் சாப்பாடு நமக்கு ஒத்துக்காதுல்ல" என்றார், பிரியாணிக் கடை எலும்பைக் கடித்துக்கொண்டே.

"ஆமா மதினி, அந்த ஊருல எல்லாத்துலயும் தேங்காப் பாலு ஊத்துவாங்களாம். ஒங்க கொழம்பு மாதிரி வருமா?" என்றாள் நாத்தனார். இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கும் பாராட்டெல்லாம் வேலை வைக்கும் பாராட்டுதான்.

பிறகு என்னை வைத்துக்கொண்டே லிஸ்ட் போட்டார்கள். நத்தத்துப் புளி, மிளகாய்த் தூள், இட்லித் தட்டு, சின்ன மிக்ஸி. கடற்கரையில் மீன் வாங்கினால் குழம்பு. பாறைக்குத் தயிர்சோறு. சிறுத்தை பார்க்க விடியுமுன்னே ஜீப் வந்துவிடும், அதனால் மூன்று மணிக்கு எழுந்தால் புளிச்சோறு கட்டிவிடலாம். யார் எழுவது என்று யாரும் கேட்கவில்லை. சிறுத்தைக்கும் ஒரு பொட்டலம் கட்டச் சொல்லாததுதான் பாக்கி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகை. இலையைச் சுருட்டிக்கொண்டே, "நான் வரல. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க" என்றேன்.

என்ன ஆச்சு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "அப்ப சோத்துக்கு?" என்றார் நாத்தனார் புருஷன். அன்றைக்கு அவர் வாயைத் திறந்து பேசியது அதற்கு மட்டும்தான்.

கை கழுவிவிட்டு டீ போடப் போனேன். டீயோடு திரும்பி வருவதற்குள் என் வீட்டுக்காரர் வேறு இடம் பிடித்திருந்தார். கடலோர ஓட்டல். மூன்று வேளையும் சாப்பாடு. காட்டுக்குப் போகிறவர்களுக்குக் காலைப் பலகாரத்தை டப்பாவில் கட்டியே கொடுப்பார்களாம்.

"மாப்ள, இதுவும் நல்லாத்தான் இருக்கு. சோறு, கொழம்பு எல்லாம் போடுறாங்க" என்று காட்டிக்கொண்டிருந்தார். தேங்காய்ப் பாலைப் பற்றி நாத்தனார் மூச்சு விடவில்லை. ஒரு மாதமாக இவர் கண்ணில் படாத ஓட்டல், நான் வரவில்லை என்றதும் ஒரு டீ கொதிப்பதற்குள் கிடைத்துவிட்டது.

தம்ளரை அவர் முன்னால் வைத்தேன். "இதையே போடுங்க. நாலு பேருக்கு. நானும் வாரேன்."

டீயில் நான் சர்க்கரை போட்டிருக்கவில்லை, வேண்டுமென்றேதான். மூன்று பேரும் ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தார்கள்.