பந்திக்கு மந்து கூடாது

திருமலைக்குப் போனால் நாங்கள் முதலில் வராகரைச் சேவித்துவிட்டுத்தான் பெருமாளிடம் போவோம். அந்த மரியாதை எல்லாம் சந்நிதியோடு சரி. வீட்டுக்குள் பன்றி என்ற சொல்லையே யாரும் உச்சரிக்க மாட்டார்கள். ஆகவே, சித்தூர்ப் பக்கத்துப் பண்ணைகளில் பன்றிச் சாணம் வழித்துக்கொண்டு வந்து திருப்பதி ஆய்வகத்தில் சோதிப்பதுதான் என் வேலை என்பதை மூன்று வருஷமாக மாமியாரிடம் சொல்லவில்லை. "பாக்டீரியா ஆராய்ச்சி" என்றேன். எதனுடைய பாக்டீரியா என்று அவர் கேட்கவில்லை.

குடிபாலாவில் ஒரு பண்ணைக்காரர். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் தன் பன்றிகளை மட்டும் தெலுங்கில் 'பந்தி' என்பார். "பன்னின்னா திட்ற மாதிரி கீதும்மா." மருந்தும் அவருக்கு மந்துதான். இருமினால் மந்து, வெயில் அடித்தால் மந்து, பக்கத்துப் பண்ணைக்காரன் கண் வைத்தால் அதற்கும் தீவனத்தில் ஒரு பிடி மந்து. பேசிப் பேசி அந்த இரண்டு வார்த்தையும் என் வாயிலும் ஒட்டிக்கொண்டன.

அவருடைய பதினொரு குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. வழக்கமான மந்து கேட்கவில்லை, இரண்டு செத்துப்போயின. மிச்ச ஒன்பதையும் பார்த்து அந்த மனுஷர் கண் கலங்கி நின்றார். சாணத்தைக் கொண்டுவந்து, தட்டில் கிருமியை வளர்த்து, மேலே மருந்து வில்லைகளை வைத்தேன். கிருமி சாகிற மருந்தென்றால் வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழும்.

மறுநாள் மாமனாருக்குச் சதாபிஷேகம். மண்டபத்தில் முதல் பந்தி உட்கார்ந்திருக்கும்போது ஆய்வகத்திலிருந்து தட்டின் படம் போனில் வந்தது. பழைய மந்துக்கு வட்டமே இல்லை. தின்று பழகிய கிருமி வில்லையை ஒட்டி ஜம்மென்று படர்ந்திருந்தது. ஒரே ஒரு புது மருந்துக்குத்தான் வட்டம். கால்நடை டாக்டரும் அதையே ஐந்து நாளுக்கு எழுதி அனுப்பியிருந்தார். உடனே பண்ணைக்காரரைக் கூப்பிட்டேன். அங்கே மோட்டார் சத்தம், இங்கே நாதஸ்வரம்.

"பந்திக்கு அந்தப் பழைய மந்து போடாதீங்கோ!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. சனியன், நாதஸ்வரம் நின்ற நேரம் பார்த்து இன்னும் பலமாகக் கத்தினேன். "பந்தியில ஏற்கெனவே ரெண்டு செத்தாச்சு! மிச்சமாவது பிழைக்க வேண்டாமா?"

அத்தனை பேர் கையும் இலையிலேயே நின்றது. பந்திக்கு முந்து என்பதை வேதவாக்காகக் கொண்ட சின்ன மாமனார் வாயிலிருந்த ஜாங்கிரியைத் துப்பினார். சமையல்காரர், பெருமாள் சத்தியமாக நான் எதையும் கலக்கவில்லை என்று அழ ஆரம்பித்தார்.

"பந்தியில யாருடீ செத்தா?" என்றார் மாமியார்.

போனில் பண்ணைக்காரர், "ஒண்ணும் கேக்கலம்மா. பயைய மந்தே போட்டுடட்டா?" என்றார்.

போனை வைத்தால் குட்டிகள் போகும். பேசினால், மூன்று வருஷமாகச் சோற்றில் மறைத்த முழுப் பூசணிக்காய் வெளியே வரும்.

"பன்னி!" என்று மாமியார் முகத்துக்கு நேரே அலறினேன். "பன்னிக்குத்தான் மந்து கூடாது! நீங்கள்ளாம் சாப்பிடுங்கோ!"

தன்னைத்தான் சொன்னேன் என்று நினைத்து மாமியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் போனில் புது மருந்தின் பெயரை மூன்று தடவை சொன்னேன். குட்டி எழுந்து நின்றாலும் ஐந்து நாளும் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்றேன். பிறகு திரும்பி, மண்டபத்துக்கே மூன்று வருஷக் கதையைச் சொன்னேன்.

"தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டு வா" என்றார் மாமியார். அவ்வளவுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மாமனார் உட்கார்த்திவைத்து எல்லாவற்றையும் கேட்டார். பாதி மருந்தோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

மூன்றாம் நாள் பண்ணைக்காரர் கூப்பிட்டார். "ஒம்போதும் எயுந்து துன்னுதும்மா! மந்து நிறுத்திடட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் போனைப் பிடுங்கினார். "ஓய்! அஞ்சு நாள்னா அஞ்சு நாள்! பாதியில நிறுத்தினா கிருமிக்குக் குளிர் விட்டுப்போயிடும்!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அபிஷேக ஜலத்தில் தொண்டை புண்ணாகி, அவருக்கும் டாக்டர் ஐந்து நாள் மாத்திரை எழுதியிருந்தார். "இன்னிக்கு உங்க மாத்திரை ஆச்சா, மாமா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் நேத்திக்கே சரியாயிடுத்தே" என்றார். மிச்சத்தை, அடுத்த தடவை தொண்டை கட்டினால் ஆகும் என்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்.