நெஞ்சில் கட்டிய சுளுக்குத் துணி

போன வாரம் படியில் கால் பிசகிவிட்டது. திருக்கோகர்ணத்தில் வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் ஒரு கிரேப் பேண்டேஜ் சுருள் கொடுத்தார்கள். உறையைப் பிரித்ததும் அந்த ரப்பர் வாசம் மூக்கில் ஏறியது. வலி காலில்தான், மூச்சு முட்டியது நெஞ்சில். "என்ன சார், ரொம்ப வலிக்குதா?" என்றார் கடைக்காரர். சுளுக்கே இல்லாமல் ஒரு காலத்தில் இந்தச் சுருளை மாற்றி மாற்றி வாங்கியவன் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உங்களிடம் சொல்லலாம். நான் திருநம்பி. பெண் என்று எழுதி வளர்க்கப்பட்டு, இருபத்தொரு வயதில் முடியை வெட்டிக்கொண்டு, குன்றாண்டார்கோவில் பக்கம் இருந்த எங்கள் வீட்டைவிட்டு இலுப்பூருக்கு வந்து, ஏசி ரிப்பேர் கடை ஒன்றில் ஆணாகவே வேலைக்குச் சேர்ந்தவன். பெயர், நடை, குரல் எல்லாம் ஒருவழியாகப் பழகிவிட்டன. மார்புதான் பழகவில்லை. கடையின் கண்ணாடிக் கதவில் பக்கவாட்டில் என் உருவம் தெரிந்துவிட்டால் அன்று முழுக்க எரிச்சல். யார் பேசினாலும் வள்ளென்று விழுவேன். அதனால் தினமும் காலையில் அக்குளிலிருந்து விலா வரை சுருளை இறுக்கிச் சுற்றி, ஊக்கு குத்தி, மேலே பனியன், அதன்மேல் காக்கிச் சட்டை. பிறகு கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்பேன். சொர்க்கம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு நிமிஷம் கோபமில்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

ஏசி கடை என்றதும் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்ததாக நினைத்துவிடாதீர்கள். ஊரைக் குளிர வைக்கிறவன் மொட்டைமாடியில் வேக வேண்டும். வெளியே மாட்டும் பெட்டி மாடியில்தான் இருக்கும். அது பழுதாவதும் சித்திரை, வைகாசியில்தான். மற்றவர்கள் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு வேலை பார்ப்பார்கள். நான் கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பேன். கூட வேலை பார்த்த நசீர் கோட்டைப்பட்டினத்துக்காரன், குவைத்தில் ஏசி பார்த்துவிட்டுத் திரும்பியவன். "டேய் மாப்ள, சட்டையைக் கழட்டுனா ஒன் அழகு கொறஞ்சா போயிரும்?" என்பான்.

வெயிலைச் சமாளிக்க, பெரிய அறிவாளி நான், ஒரு வழி கண்டுபிடித்தேன். துணியை நனைத்துக் கட்டிக்கொண்டால் குளிர்ச்சியாக இருக்குமே! பானைக்கு ஈரச்சாக்கு சுற்றுவதில்லையா, அந்தக் கணக்கு. முதல் அரைமணி சுகம். பிறகு துணி காயக் காய நெஞ்சை நெருக்கிப் பிடித்தது. திருமயம் பக்கம் ஒரு பெரிய வீட்டின் மாடி அது. ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது வரைக்கும் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது தண்ணீர்த் தொட்டி நிழலில் கிடந்தேன். நசீர் ஒயர் வெட்டுகிற கட்டரால் துணியை நெடுக்க வெட்டியிருந்தான். அவனுடைய சட்டை என் மேல் கிடந்தது. அவன் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மொதலாளிக்குத் தெரிய வேணாம்" என்றேன்.

"மொதல்ல மூச்சு விடுங்க" என்றான். அதற்கு முன்னால் அவன் என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டதே இல்லை.

ஆஸ்பத்திரிக்கும் அவன்தான் கூட்டிப்போனான். விலா கன்றிப்போயிருக்கிறது என்றார் டாக்டரம்மா. "இது சுளுக்குக்குக் கட்டுறது. நெஞ்சுல சுத்துனா மூச்சு விட விட இறுக்கும். அதுக்குன்னே தைச்ச உள்சட்டை இருக்கு, சின்ன சைஸ் எடுக்காம ஒங்க அளவுலயே வாங்குங்க. எட்டு மணி நேரத்துக்கு மேல போடாதீங்க, தூங்கையில கூடவே கூடாது. வலிச்சா, மூச்சு வாங்குனா ஒடனே கழட்டிருங்க. வெயில்ல ஏறி எறங்குற அன்னைக்கு வேணவே வேணாம்."

நல்ல வார்த்தைதான். ஏசி மெக்கானிக்குக்குச் சித்திரையில் ஏறி இறங்காத நாள் எது? உள்சட்டை வரவழைத்தேன். மத்தியானம் குடோனுக்குள் போய்க் கழற்றி, வேர்வையைத் துடைத்து, உடம்பைக் காற்றாட விட்டேன். மாடி வேலை இருந்தால் கட்டாமல், இரண்டு சைஸ் பெரிய சட்டைக்குள் கூனிக்கொண்டே திரிந்தேன். உடம்பு பிழைத்தது. மனசு மட்டும் சீறிக்கொண்டே இருந்தது. மூச்சு வேண்டுமா, தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமா, ஒன்றை எடுத்துக்கொள் என்றால் இது என்ன நியாயம்?

நசீர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாடி வேலைகளைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டான். ஆனால் பைக்கில் போகும்போது எங்கள் இருவருக்கும் நடுவே டூல்ஸ் பை வந்து உட்கார்ந்தது.

அடுத்த வைகாசியில் அவனுக்குக் கல்யாணம். பஸ்ஸில் மூன்று மணி நேரம், மண்டையைப் பிளக்கிற வெயில்; டாக்டரம்மா சொன்னபடி கட்டாமல் போனேன். அவர்கள் ஊர் விருந்தில் சஹன் என்று ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறு வைப்பார்கள். நாலு ஆண்கள் பாயில் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஒரு சஹனில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது இடம் காலி. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். மாப்பிள்ளைக் கோலத்திலேயே ஓடி வந்தான் நசீர்.

"நீங்க இங்கிட்டு வாங்க. உள்ள தனியா எடுத்து வச்சிருக்கேன். அங்க ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல."

யாருக்குச் சங்கடம் என்று கேட்டிருக்க வேண்டும். இங்கேயே உட்காருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கட்டியிருந்தால் சொல்லியிருப்பேன். சட்டையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனேன். பக்கத்து அறையில் தனித் தட்டு, நல்ல கறியாகப் பொறுக்கி வைத்திருந்தான். பாவி, அன்போடுதான் வைத்திருந்தான். இன்றுவரை எனக்கு ஆத்திரம் அதில்தான்.

ஆறு வருஷம் கழித்து மார்பு ஆபரேஷன் முடிந்தது. இப்போது கட்டவும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம். மாடியில் வெறும் மேலோடு வேலை பார்க்கிறேன். போன மாதம் நசீருடைய தம்பியின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. போனேன். இந்த முறை யார் கூப்பிட்டாலும் எழுந்து போவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். புது மண்டபம். வரிசையாக மேசை, நாற்காலி.

"சஹன் எங்க வச்சிருக்கீங்க?" என்றேன், பரிமாறிக்கொண்டிருந்தவரிடம்.

"அதெல்லாம் இப்ப யாரு சார் வைக்கிறா? எல்லாருக்கும் தனித்தனித் தட்டுதான். உக்காருங்க."